ஓடு

டிசம்பர் முதல் வாரமே எங்கள் வீட்டில்
ஆம்லெட் ஆரம்பித்துவிடும்.
ஆறாம் நாள் தனிஸ்லாஸ் தட்டைத் தள்ளி வைத்தார்.
“உன் சிநேகிதிகளைக் கொஞ்சம் குறைச்சுக்கயேன்.”

இரண்டு முனையிலும் ஊசித்துளை.
வாய் வைத்து ஊதினால்
வெள்ளை முதலில் இறங்கும், நூல் மாதிரி.
மஞ்சள் லேசில் வராது.
ஈர்க்குச்சியால் உள்ளே கலக்கி, மறுபடி ஊதி,
கன்னம் வலித்து, காது அடைத்து,
கடைசியில் உள்ளங்கையில் மிஞ்சுவது
ஒரு தபால் கார்டின் கனம்.

கானாடுகாத்தானில் பெரிய வீடு ஒன்று விடுதியாகிவிட்டது.
வரவேற்பில் இருக்கிறாள் மெய்யம்மை.
வருகிறவர்களைச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்வாள்:
சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளை,
அதனால்தான் இந்த வழுவழுப்பு.
ஒரு சுவருக்கு எத்தனை முட்டை என்று கேட்பார்களாம்.
மஞ்சளெல்லாம் எங்கே போயிற்று என்று
இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லையாம்.
எனக்குத் தெரியும்.
யாரோ ஒரு கொத்தனார் வீட்டில்
யாரோ தட்டைத் தள்ளி வைத்திருப்பார்கள்.

அவளுக்கு அந்த விடுதியின் சாவிக்கொத்து.
நாற்பத்தொரு சாவி; முட்டையில் ஒன்பதுதான் அடங்கியது.
ரமீஜாவுக்கு அவள் மகனின்
முன்பல் விழுந்த சிரிப்பு.
திலகவதி சைவம், ஓட்டைக்கூடத் தொடமாட்டாள்.
அவளுக்கு மட்டும் ஃபியூஸ் போன பல்பு,
அதில் அவள் வளர்க்கும் பூனை.
பல்புக்குத் தக்கபடி கொஞ்சம் குண்டாகிவிட்டது.
பூனையும் சைவமா என்று நான் கேட்கவில்லை.

ஒரு பக்கம் காயாமல் மறுபக்கம் பிடிக்க முடியாது.
பல்குத்தும் குச்சியில் செருகி
உருளைக்கிழங்கில் நட்டு வைப்பேன்.
இரவு பதினொன்றுக்கு சமையல் மேடையில்
உருளைக்கிழங்குகள் எல்லாம் தலை முளைத்து நிற்கும்.

தனசீலிக்கும் ஒன்று.
ஏன் என்று கேட்காதீர்கள்.
சீட்டுப் பணத்தில் ஆரம்பித்த பேச்சு
எங்கெங்கோ போய் நின்று
ஒன்றரை வருஷம் ஆகிறது.
செக்காலைக் கோயிலில் அவள் இடப்பக்கம் என்றால்
நான் வலப்பக்கம்.
முகம் வரைந்தேன், மூக்கு பெரிதாகிவிட்டது.
தூரிகைக்கும் கோபம் போகவில்லை போல.
அழித்துவிட்டு அவள் பழைய ஸ்கூட்டரை வரைந்தேன்.
நீலம். வலது கண்ணாடி கிடையாது.
வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கி
எத்தனை சாயங்காலம் கூட்டத்தில் தேடிய நம்பர் பலகை!
மூன்று மயிர் தூரிகையால்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு,
டி.என். அறுபத்து மூன்று என்று தொடங்கி
கடைசி எண் வரை.

முட்டை அட்டையில் வைக்கோல் திணித்துக்
கொண்டு போனேன்.
கோட்டையூர் வேகத்தடையில் ஒரு விரிசல்.
ரமீஜா மகனுக்கு இன்னொரு பல்லும் போயிற்று.
“நேத்து நிஜமாவே விழுந்துச்சு,
உனக்கு யார் சொன்னது?” என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

கழனிவாசலில் தனசீலி வீட்டுக் கேட் சாத்தியிருந்தது.
உள்ளே மிக்சி ஓடும் சத்தம்.
கொண்டியில் சிவப்பு நூலால் கட்டிவிட்டு,
நாற்பத்து நாலு வயதில்,
திருடி மாதிரி ஓடிவந்தேன்.

இருபத்து மூன்றாம் தேதி இரவு போன்.
“கேட்ல முட்டையைக் கட்டினது நீதானே?”
நான் ஒன்றும் பேசவில்லை.
என் மூச்சு அவளுக்குக் கேட்டிருக்கும்.
அவள் கையில் இருந்த ஓட்டுக்குள்ளும்
அதுதான் இருந்தது.
“கடைசி நம்பர் நாலு இல்லடி. ஏழு.”

“துடைச்சிராத, உடைஞ்சு போகும்.
அப்படியே எடுத்துட்டு வா.”

நாலின் மேல் வெள்ளை பூச வேண்டும்.
அது காய்ந்த பிறகுதான் ஏழு எழுத முடியும்.
பனி ஈரம், அரைமணி நேரமாவது ஆகும்.
அதுவரை அவள் உட்கார்ந்துதான் ஆகவேண்டும்.

ஆம்லெட் போடலாம்.